உறங்கும் கணினியும் ஒடுங்கும் இடமும்

பிழைப்பின் பொருட்டு ஊரை விட்டு வந்து தலைநகரில் குடித்தனம் செய்யும் நமக்கு இடநெருக்கடி என்பது புதிய செய்தியன்று. இரண்டு அறையுள்ள சர்க்கார் குவார்ட்டர்ஸில் ஐவர் வசிப்பதும், பரண்மேல் ஏற்றிய பெட்டியை ஆண்டுக்கு ஒருமுறை இறக்கித் துடைத்து மீண்டும் ஏற்றுவதும், ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் மேசையைச் சுவரோரம் ஒதுக்கிப் பாய் விரிப்பதும் நமக்குப் பழகிப்போன காரியங்கள். எந்தப் பொருள் வேண்டும், எது வேண்டாம் என்று ஆராய்ந்து வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் இல்லத்தரசிகளுக்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது.

ஆனால் அதே இல்லத்தின் மேசைமேல் இருக்கும் கணினிக்குள்ளும் ஒரு வீடு இருக்கிறது. அங்கும் இடநெருக்கடி உண்டு. எவரும் திறந்து பாராத ஓர் அறை அங்கே பூட்டிக் கிடப்பதும் உண்டு. அந்த அறையைப் பற்றியும், அதைக் காலி செய்யலாகும் வீடு எது, காலி செய்யக் கூடாத வீடு எது என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் சில சொல்ல விரும்புகிறேன். இவ்விஷயத்தில் நான் ஒரு பெரும் பிழை செய்தவன். அதை மறைக்காமல் சொல்வதே நேயர்களுக்குப் பயன் தரும் என்று நம்புகிறேன்.

அழிந்துபோன படங்கள்

நம் சங்கத்து நூல்நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கத்தினர்களின் கணினிகளைப் பார்த்துச் சரி செய்து தரும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். நான் இத்துறையில் பட்டம் பெற்றவன் அல்லன். ஓய்வு பெற்ற குமாஸ்தா. ஆர்வத்தால் கற்றுக்கொண்டது கொஞ்சம், பிறர் கணினியில் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டது மிச்சம்.

ஒருநாள் ராமகிருஷ்ணபுரத்தில் வசிக்கும் ஓர் அம்மையார் தம் இல்லத்துக்கு வந்து கணினியைப் பார்க்குமாறு அழைத்தார். நேரு பிளேஸ் கடைவீதியில் மலிவாக வாங்கிய பழைய மேசைக் கணினி அது. நினைவகம் 16 ஜி.பி.; வட்டு 128 ஜி.பி. மட்டுமே. குழந்தைகள் இருவரின் பாடங்களும், கணவரின் அலுவலகக் காகிதங்களும், குடும்பத்தின் படங்களும் அதில்தான் இருந்தன.

“வட்டு நிறைந்துவிட்டது என்று சிவப்புக் கோடு காட்டியது, சார். குழந்தைகளின் பாடம் போய்விடக் கூடாதே என்று பழைய படங்களை அழித்தேன். எங்கள் மாமனாரின் சதாபிஷேகத்துக்குக் கும்பகோணம் போயிருந்தபோது எடுத்தவை. மறுபடி எடுக்க அவரும் இல்லை” என்றார் அந்த அம்மையார்.

குப்பைக்கூடையையும் அவர் காலி செய்துவிட்டிருந்தார். அழிந்த படங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு ஜி.பி. அளவுதான் இருக்கும். நான் வட்டின் கணக்கைப் பிரித்துப் பார்த்தபோது, அதே வட்டில் 6 ஜி.பி.க்கும் அதிகமான இடத்தை ஒரே ஒரு கோப்பு அடைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்தார் ஒருநாளும் உபயோகித்திராத வசதிக்காக ஒதுக்கப்பட்ட கோப்பு அது. வேண்டிய பொருளை வீதியில் எறிந்துவிட்டு, வேண்டாத பெட்டியைப் பரணில் காத்து வந்ததற்கு ஒப்பாயிற்று அவர் காரியம். அது அவர் பிழையன்று. அப்படியொரு கோப்பு இருப்பதாகவே அவருக்கு எவரும் சொல்லவில்லை.

இருவகைத் துயில்

அந்தக் கோப்பு யாது என்பதை அறிய, கணினி எவ்வாறு உறங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கணினியில் இரண்டு இடங்கள் உள. ஒன்று, நாம் ரேம் என்று வழங்கும் நினைவகம். மற்றொன்று வட்டு. நினைவகம் என்பது நாம் வேலை செய்யும் மேசை போன்றது. காகிதங்களைப் பரப்பி உடனுக்குடன் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். மின்சாரம் நின்ற கணத்தில் மேசைமேல் இருந்தவை யாவும் மறைந்துபோகும். வட்டு என்பது அலமாரி போன்றது. மின்சாரம் இன்றியும் வைத்தது வைத்தபடி இருக்கும்.

கணினியை ‘ஸ்லீப்’ என்னும் நிலையில் வைத்தால், அது மேசைமேல் காகிதங்களை அப்படியே விட்டுவிட்டு விளக்கை மட்டும் தணிப்பதற்கு நிகராகும். நினைவகத்துக்குச் சிறிதளவு மின்சாரம் சென்றுகொண்டே இருக்கும். தட்டியவுடன் விழித்துக்கொள்ளும். இதைச் சிறுதுயில் என்போம்.

‘ஹைபர்னேட்’ என்னும் நிலை வேறு. நினைவகத்தில் அப்போதுள்ளவற்றை எல்லாம் வட்டிலுள்ள ஒரு கோப்பில் எழுதி வைத்துவிட்டுக் கணினி மின்சாரத்தை அடியோடு துண்டித்துக்கொள்ளும். மறுபடி இயக்கும்போது அக்கோப்பைப் படித்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். நாள் கணக்கில் மின்சாரம் இன்றி இருந்தாலும் ஒன்றும் போகாது. ஹைபர்னேஷன் என்னும் ஆங்கிலச் சொல் குளிர்காலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. லடாக்கின் உயர்ந்த மேட்டு நிலங்களில் வாழும் மார்மட் என்னும் பிராணி, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கிக் கிடக்கிறதல்லவா, அதுபோன்ற உறக்கம் இது. ஆதலின் இதை நெடுந்துயில் என்போம்.

இத்தகைய உறக்க நிலைகளைக் கணினி உற்பத்தியாளர் யாவருக்கும் பொதுவாக வரையறுத்த விதிமுறை 1996-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதில் எஸ்3 என்பது சிறுதுயிலையும் எஸ்4 என்பது நெடுந்துயிலையும் குறிக்கும். விண்டோஸ் வகைகளில் விண்டோஸ் 2000 முதலாக நெடுந்துயில் வசதி உண்டு. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலாக மற்றொரு வழக்கமும் சேர்ந்தது. நாம் ‘ஷட் டவுன்’ என்று கணினியை மூடும்போது, இயக்க அமைப்பின் உட்பகுதியை மட்டும் அதே கோப்பில் எழுதி வைத்து, மறுநாள் விரைவாகத் தொடங்குவதே அந்த வழக்கம். இதன் பெயர் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’; விரைவுத் தொடக்கம் எனலாம்.

எவ்வளவு இடம்?

அக்கோப்பின் பெயர் ‘ஹைபர்ஃபில்.சிஸ்’ என்பதாகும். சி வட்டின் தலைவாயிலிலேயே இருப்பினும் சாதாரணமாகக் கண்ணுக்குப் புலப்படாதபடி மறைத்து வைக்கப்பட்டிருக்கும். உறங்கும் நேரத்தில் மட்டுமன்றி எந்நேரமும் அது தன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். உறங்கப் போகும் வேளையில் இடம் இல்லாமல் போய்விடக் கூடாதல்லவா? அதனால் முன்கூட்டியே ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். விருந்தினர் வந்தாலும் வாராவிட்டாலும் அவருக்கென்று ஓர் அறையைப் பூட்டி வைப்பது போன்றது இது.

அதன் அளவு நினைவகத்தின் அளவைப் பொறுத்தது. விண்டோஸ் 7 காலத்தில் அது நினைவகத்தில் 75 விழுக்காடாக இருந்தது. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் முழு அளவுக் கோப்பு பொதுவாக 40 விழுக்காடு. எழுதும்போது செய்திகளைச் சுருக்கி எழுதுவதால் இந்த அளவு போதுமானதாகிறது. எனவே 8 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியில் அக்கோப்பு ஏறத்தாழ 3.2 ஜி.பி.; 16 ஜி.பி. உள்ளதில் 6.4 ஜி.பி.; 32 ஜி.பி. உள்ளதில் 12.8 ஜி.பி. இடம் கொள்ளும். விரைவுத் தொடக்கத்துக்கு மட்டும் பயன்படும் குறுகிய வகையும் ஒன்று உண்டு. அதன் அளவு 20 விழுக்காடு; அதாவது முழு வகையில் பாதி.

ஆயிரம் ஜி.பி. வட்டு உள்ளவர்க்கு இது பொருட்டன்று. 128 ஜி.பி. வட்டு உள்ள வீட்டிலோ இது பெரும் பகுதி. வட்டில் இடம் இல்லையேல் விண்டோஸின் புதுப்பிப்புகள் இறங்குவதும் தடைப்படும்.

நேயர்கள் தங்கள் கணினியில் இதைத் தாமே பார்க்கலாம். செட்டிங்ஸ் என்பதைத் திறந்து, சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று சென்று, ஷோ மோர் கேட்டகரீஸ் என்பதைத் தட்டி, சிஸ்டம் அண்ட் ரிசர்வ்ட் என்ற பிரிவுக்குள் நுழைந்தால், ஹைபர்னேஷன் ஃபைல் என்ற பெயரில் அதன் அளவு எழுதப்பட்டிருக்கும்.

நான் செய்த பிழை

அந்த அம்மையாரின் கணினியில் நெடுந்துயிலை நிறுத்தினேன். கோப்பு மறைந்தது, 6 ஜி.பி.க்கு மேல் இடம் கிடைத்தது. சிவப்புக் கோடு நீல நிறமாயிற்று. எனக்கு உற்சாகம் பிறந்தது. இவ்வளவு எளிய காரியத்தை ஒவ்வொரு வீட்டிலும் கையால் செய்வானேன் என்று எண்ணி, ஒரே வரியுள்ள கட்டளைக் கோப்பு ஒன்றை எழுதினேன். கணினியில் யாரேனும் நுழையும்போதெல்லாம் அக்கட்டளை தானே ஓடி நெடுந்துயிலை நிறுத்திவிடும்படியும் ஏற்பாடு செய்தேன். அடுத்து வந்த ஞாயிறுகளில் சங்கத்துக்கு வந்த பதினான்கு கணினிகளில் அதை ஏற்றினேன். சிலர் அக்கோப்பைப் பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு உறவினர்க்கும் கொடுத்தார்கள். நானும் மகிழ்ந்தேன். அந்தப் பதினான்கில் ஒன்பது மடிக்கணினிகள் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை.

சில மாதம் சென்றது. அங்கத்தினர் ஒருவரின் மகள் மேற்படிப்பு மாணவி. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் பயணம் செய்துகொண்டிருந்தாள். அன்றிரவுக்குள் அனுப்பவேண்டிய உபகாரச் சம்பள விண்ணப்பத்தை ரயிலிலேயே நிரப்பினாள். நீண்ட விடைகள், எல்லாவற்றையும் இணையப் படிவத்திலேயே நேராக அடித்தாள். நாகபுரி தாண்டியதும் காட்டு வழியில் இணையத் தொடர்பு அறுந்தது. விஜயவாடாவில் அனுப்பிவிடலாம் என்று மடிக்கணினியை மூடி வைத்தாள். மின்கலத்தில் கால் பங்குக்கும் குறைவாகவே மின்சாரம் இருந்தது. பெட்டியில் இருந்த மின்செருகியிலோ பிறருடைய கைப்பேசிகள் தொங்கின.

விஜயவாடாவில் திறந்தபோது கணினி விழிக்கவில்லை. மின்கலம் வற்றிவிட்டிருந்தது. ஒருவாறு மின்சாரம் கொடுத்து இயக்கியபோது எல்லாம் புதிதாகத் தொடங்கிற்று. படிவம் வெறுமையாக இருந்தது. எஞ்சியிருந்த சொற்ப நேரத்தில் கைப்பேசியில் சுருக்கமாக எதையோ எழுதி அனுப்பினாள். அந்த உபகாரச் சம்பளம் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு இதுவே காரணம் என்று எவரும் உறுதி கூற இயலாது. இது காரணமன்று என்றும் கூற இயலாது.

நெடுந்துயில் இயங்கிக்கொண்டிருந்தால் நடந்திருக்கக்கூடியது வேறு. சிறுதுயிலில் குறித்த நேரம் கழிந்த பின்னரோ, மின்கலம் வற்றும் தறுவாயிலோ, மடிக்கணினி தானே எல்லாவற்றையும் வட்டில் எழுதிவிட்டு நெடுந்துயிலுக்குச் செல்லும்படி விண்டோஸில் ஏற்பாடு உண்டு. விஜயவாடாவில் அவள் மின்சாரம் கொடுத்திருந்தால், நாகபுரியில் விட்ட படிவம் எழுத்துக் குறையாமல் கண்முன் வந்திருக்கும். அந்த ஏற்பாட்டைத்தான் நான், இடம் மிச்சம் என்ற பெயரால், அகற்றிக் கொடுத்திருந்தேன். அவள் வட்டில் இடநெருக்கடியே இல்லை என்பது இதில் இன்னும் வருந்தத்தக்க செய்தி.

டில்லி திரும்பியதும் நூல்நிலையத்துக்கு வந்தாள். “மாமா, நீங்கள் மாற்றிக் கொடுத்ததால்தானா இப்படி ஆயிற்று?” என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளும் ஆவலே இருந்தது. “ஆம், அம்மா” என்றேன். வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

கேள்வி முதலில், கட்டளை பிறகு

யந்திரத்தைத் தானே இயங்கச் செய்வது தவறன்று. ஆராயாமல் ஒரே கட்டளையை யாவர்க்கும் ஏற்றியதே என் தவறு. ஆதலால் எந்தக் கணினியையும் தொடுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும் என்பதை இப்போது விதியாகக் கொண்டிருக்கிறேன்.

முதற் கேள்வி: இக்கணினியில் மின்கலம் உண்டா? மடிக்கணினியாயின் நெடுந்துயிலை நிறுத்தலாகாது. அது அடைக்கும் இடம், எதிர்பாராத வேளையில் நம் உழைப்பைக் காப்பதற்காகச் செலுத்தும் காப்பீட்டுத் தொகை போன்றது.

இரண்டாம் கேள்வி: வட்டில் உண்மையாகவே இடநெருக்கடி உண்டா? காலியிடம் தாராளமாக இருப்பின் மேசைக் கணினியிலும் இதைத் தொடவேண்டுவதில்லை.

மூன்றாம் கேள்வி: இவ்வீட்டார் நெடுந்துயிலை உபயோகிக்கிறார்களா? மாலையில் ஹைபர்னேட் கொடுத்துவிட்டுக் காலையில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும் பழக்கம் உள்ளவரிடம் கேளாமல் அதை எடுத்துவிடுவது, அவர் அன்றாடம் இருக்கும் நாற்காலியைத் தூக்கிச் செல்வதற்கு ஒப்பாகும்.

மின்கலம் இல்லை, இடம் இல்லை, வழக்கமும் இல்லை என்ற மூன்றும் ஒருங்கே அமைந்த கணினியிலேயே நெடுந்துயிலை நிறுத்தலாம். ராமகிருஷ்ணபுரத்து மேசைக் கணினி அத்தகையது. ஆகவே அங்கே செய்தது சரியே.

கட்டளைகள்

விண்டோஸில் இதற்கென்று ஒரு கருவி உண்டு. அதன் பெயர், பவர் என்னும் ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்னும் மூன்று எழுத்துக்களையும் இடைவெளியின்றிச் சேர்த்தால் வருவது. கமாண்ட் பிராம்ப்ட் என்பதைத் தேடி, அதன்மேல் வலப்பொத்தானை அழுத்தி, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று திறந்து அதில் அடிக்க வேண்டும். கீழே ஒலிபெயர்ப்பில் தருகிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்துக்களில் அடித்தல் வேண்டும்.

எந்தெந்தத் துயில் இக்கணினியில் இயங்குகிறது என்று அறிய:
பவர்சிஎஃப்ஜி /ஏ

நெடுந்துயிலை நிறுத்த:
பவர்சிஎஃப்ஜி /ஹைபர்னேட் ஆஃப்

மீண்டும் இயக்க:
பவர்சிஎஃப்ஜி /ஹைபர்னேட் ஆன்

கோப்பை முழுவதும் நீக்காமல் பாதியாகக் குறைக்க:
பவர்சிஎஃப்ஜி /எச் /டைப் ரெட்யூஸ்ட்

நிறுத்தும் கட்டளை கொடுத்ததும் கோப்பு தானே நீங்கும்; இயக்கும் கட்டளை கொடுத்தால் தானே மீளும். நான்காவது கட்டளை, காலையில் விரைவாகத் தொடங்கவும் வேண்டும், இடமும் கொஞ்சம் வேண்டும் என்னும் மேசைக் கணினிக்காரர்க்கு உரியது. இதில் விரைவுத் தொடக்கம் இருக்கும். முழு நெடுந்துயில் இராது. யாரேனும் முன்னரே கோப்பின் அளவைத் தம் விருப்பப்படி மாற்றியிருந்தால், முதலில் பவர்சிஎஃப்ஜி /எச் /சைஸ் 0 என்று அடித்த பின்னரே இது செல்லும்.

மடிக்கணினிக்காரர்கள் இடத்தை மிச்சம் பிடிப்பதற்குப் பதிலாக நெடுந்துயிலை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். பவர்சிஎஃப்ஜி /சேஞ்ச் ஹைபர்னேட்-டைமவுட்-டிசி 60 என்று அடித்தால், மின்கலத்தில் ஓடும்போது 60 நிமிடம் வேலையின்றிக் கிடந்தால் கணினி தானே நெடுந்துயிலுக்குச் செல்லும். ரயில் பயணத்துக்கு இதைவிட நல்ல துணை வேறில்லை.

தானே நடக்கச் செய்யும் முறை

ஒருமுறை நிறுத்தியது நிறுத்தியபடியே இருக்குமாயின் தானியங்கி ஏற்பாடு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். விண்டோஸ் பெரிய புதுப்பிப்புகளை ஏற்றும்போது சில வேளைகளில் பழைய அமைப்பு திரும்பிவிடுவதுண்டு. இடநெருக்கடி உள்ள கணினியில் அப்போது மீண்டும் சிவப்புக் கோடு தோன்றும். மீண்டும் யாரேனும் படங்களை அழிக்கத் தொடங்குவர். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

இப்போது நான் கையாளும் கட்டளைக் கோப்பு பவர்ஷெல் என்னும் மொழியில் எழுதப்பட்ட சில வரிகள். அதன் கருத்து வருமாறு: ‘விண்டோஸ் வைத்திருக்கும் மின்கலப் பட்டியலைப் பார். அதில் ஏதேனும் இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடு. இல்லையேல் சி வட்டின் காலியிடத்தைப் பார். 20 ஜி.பி.க்கு மேல் இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடு. குறைவாக இருந்தால் மட்டும் நெடுந்துயிலை நிறுத்து.’ மின்கலப் பட்டியலுக்கு வின்32_பேட்டரி என்று பெயர். பவர்ஷெல் அறிந்த கல்லூரி மாணவர் எவரும் இதைக் கால்மணி நேரத்தில் எழுதித் தருவர். மூன்றாம் கேள்விக்கு விடை யந்திரம் அறியாது. அதை வீட்டாரிடம் நாமே கேட்டறிந்த பின்னரே கோப்பை ஏற்ற வேண்டும்.

சிலவகை யு.பி.எஸ். கருவிகளை யு.எஸ்.பி. கம்பியால் கணினியோடு இணைத்தால் விண்டோஸ் அதையும் மின்கலமாகவே கருதும். அப்போது இக்கோப்பு ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். இடம் மிச்சமாகாது, ஆயினும் தீங்கு இல்லை. ஐயம் நேர்ந்த இடத்தில் யந்திரம் சும்மா இருப்பதே நலம்.

இதைத் தானே ஓடச் செய்ய டாஸ்க் ஷெட்யூலர் என்பதைத் திறந்து, கிரியேட் டாஸ்க் என்பதைத் தட்ட வேண்டும். முதற் பக்கத்தில் பெயர் கொடுத்து, ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ் என்னும் கட்டத்தில் குறியிட வேண்டும். இன்றேல் கட்டளைக்கு அதிகாரம் இராது. டிரிகர்ஸ் பக்கத்தில், கணினியில் நுழையும்போது என்றோ மாதம் ஒருமுறை என்றோ நேரத்தைக் குறிக்கலாம். ஆக்ஷன்ஸ் பக்கத்தில் கோப்பு இருக்கும் இடத்தைக் காட்ட வேண்டும். மாதம் ஒருமுறை என்பதே போதும் என்பது என் அனுபவம்.

நினைவில் வைக்கத் தக்கவை

ஹைபர்ஃபில்.சிஸ் கோப்பைக் கையால் அழிக்க முயலுதல் கூடாது. விண்டோஸ் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. கட்டளையே முறையான வழி. அதன் அருகில் பேஜ்ஃபைல்.சிஸ் என்று வேறொரு பெரிய கோப்பு இருக்கும். அது நினைவகம் போதாத வேளையில் உதவுவது. அதைத் தொடவேண்டாம்.

நெடுந்துயிலை நிறுத்தினால் விரைவுத் தொடக்கமும் நின்றுவிடும். காலையில் கணினி எழுந்திருக்கச் சில விநாடி கூடுதலாகும். விண்டோஸோடு லினக்ஸையும் ஒரே கணினியில் வைத்திருப்போர்க்கு இது நன்மையாகவும் முடியும். விரைவுத் தொடக்கம் இயங்கும்போது விண்டோஸ் வட்டு முழுதாக மூடப்படுவதில்லையாதலின், லினக்ஸ் பக்கத்திலிருந்து அதில் எழுதுவது தடைப்படுவதுண்டு.

ஆப்பிள் நிறுவனத்தின் மடிக்கணினிகளில் இதே வேலையை ஸ்லீப்இமேஜ் என்னும் கோப்பு செய்கிறது. கருவியும் கட்டளையும் அங்கே வேறு. ஆதலால் மேற்சொன்னவற்றை அவற்றில் முயலவேண்டாம்.

முக்கியமானது இன்னொன்று. படங்களை அழிக்கவேண்டிய நிலை வந்தால், அழிக்குமுன் அவற்றை ஒரு தனி வட்டிலோ பென் டிரைவிலோ நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டு வந்த நமக்கு அப்படங்களே ஊர்.

ஒரு விண்ணப்பம்

என் பழைய கட்டளைக் கோப்பை ஏற்றிய ஒன்பது மடிக்கணினிகளில் ஆறினை வரவழைத்துச் சரி செய்துவிட்டேன். மாற்றலாகி வேறு ஊர்களுக்குச் சென்ற இருவருக்குத் தொலைபேசியில் வழி சொன்னேன். ஒருவரை எட்ட இயலவில்லை. பென் டிரைவில் நகலெடுத்துச் சென்றவர்கள் அதை எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் இச்சங்கத்தின் இதழ், மாற்றலாகிச் சென்ற குடும்பங்களுக்கும் தபாலில் சென்றுகொண்டுதான் இருக்கிறது. இக்கட்டுரையை எழுதியதன் முதற் காரணம் அதுவே.

சங்கத்திலிருந்து வந்த அக்கோப்பைத் தங்கள் மடிக்கணினியில் ஏற்றியிருப்போர் அருள்கூர்ந்து மூன்று காரியம் செய்தல் வேண்டும். முதலாவது, டாஸ்க் ஷெட்யூலரில் உள்ள அந்த ஏற்பாட்டை நீக்கிவிடுக. இல்லையேல் நீங்கள் மாற்றியதை அது மறுபடி மாற்றிவிடும். இரண்டாவது, பவர்சிஎஃப்ஜி /ஹைபர்னேட் ஆன் என்று அடித்து நெடுந்துயிலை மீட்டுக்கொள்க. மூன்றாவது, பவர்சிஎஃப்ஜி /ஏ என்று அடித்து, இயங்கும் துயில்களின் பட்டியலில் ஹைபர்னேட் என்ற சொல் இடம் பெற்றிருக்கிறதா என்று பார்த்துக்கொள்க. செய்யத் தெரியாதவர் வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் இவ்விதழைக் கொடுத்தால் போதும். அவர்கள் செய்து முடிப்பார்கள்.

அந்த மாணவி இவ்வாண்டும் விண்ணப்பம் எழுதுகிறாள். விடைகளை முதலில் ஒரு தனிக் கோப்பில் அடித்துச் சேமித்து வைத்துக்கொண்டு, பிறகே படிவத்தில் ஒட்டுகிறாள். கும்பகோணத்துப் படங்களில் பாதியளவு, சதாபிஷேகத்துக்கு வந்திருந்த உறவினர் ஒருவரின் கைப்பேசியில் இருந்து கிடைத்துவிட்டன. மீதியை அம்மையார் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.